அயலார் சினமும் நம்மவர் சினமும்

உலகம் புகழ்ந்து ஓய்ந்துபோன ஒரு கலைப்படைப்பை ஐம்பது ஆண்டுகள் கழித்து முதன்முறையாக எதிர்கொள்ளும் ஒருவனுக்கு அதனிடத்தில் என்ன கடமை இருக்கிறது? புகழை நம்பித் தலையாட்டிவிடலாம். ‘இதற்கா இத்தனை ஆரவாரம்’ என்று உதட்டைப் பிதுக்கியும் விடலாம். இரண்டிலும் செவிக்கு வேலையில்லை. வள்ளுவர் கேள்விக்கென்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அவர் கருதியது அறிவுடையோர் வாய்மொழியைக் கேட்பது என்று உரையாசிரியர்கள் கொள்வர். அக்கேள்வியை இசைக்கும் நீட்டிக்கலாமா, அதிலும் நாம் சான்றோர் என்று ஏற்றுக்கொள்ளாதவர் வாயில் பிறக்கும் இசைக்கும் நீட்டிக்கலாமா என்பதே இங்கு நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இதனைத் தொடங்கிவைத்தது ஓர் அமெரிக்க இசைத்தட்டு. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் ‘ரமோன்ஸ்’ என்னும் பெயரில் ஒரு குழு அமைத்து, 1976 பிப்ரவரியில் பதிவு செய்து, அவ்வாண்டு ஏப்ரலில் வெளியிட்ட முதல் தொகுப்பு அது. குழுவின் பெயரே தொகுப்பின் பெயரும். 14 பாடல்கள், அனைத்தும் சேர்ந்து 29 நிமிடம். எந்தப் பாடலும் மூன்று நிமிடத்தைத் தொடவில்லை. பதிவுக்கு ஆன செலவு ஏறத்தாழ 6,400 டாலர். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது எட்டிய உயர்ந்த இடம் 111. ஆயினும் ‘பங்க்’ என்று வழங்கும் இசைவகைக்கு முதல் எது என்று வினவினால் பெரும்பாலோர் இத்தொகுப்பையே சுட்டுகின்றனர். உதவாக்கரை, போக்கிரி என்று வசைப்பொருள் தரும் அச்சொல்லையே அவ்விசைக்காரர்கள் தமக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டார்கள் என்பது கருதத்தக்கது. ஐந்து லட்சம் படிகள் விற்றதற்கான தங்கச் சான்று அத்தொகுப்புக்கு 2014-இல் கிடைத்தது. அப்போது நால்வரில் மூவர் இறந்துபோயிருந்தனர். எஞ்சிய ஒருவரும் அவ்வாண்டே மறைந்தார்.

அதே 1976-இல்தான் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கிற்று. நெருக்கடி நிலை, தமிழகத்தில் ஆட்சிக் கலைப்பு ஆகியவற்றுக்கு நடுவே கரோல் பாக் தமிழர் வீடுகளில் மகிழ்ந்து பேசப்பட்ட செய்தி அந்த வண்டியாகத்தான் இருந்திருக்கும். நியூயார்க்கில் நால்வர் கிடார் மீட்டியது நம் தெருவரை எட்டவில்லை. எட்டியது அண்மையில், அதுவும் ஒரு சட்டையின் வழியாக. உறவுக்காரப் பிள்ளை ஒருவன் திங்கட்கிழமைச் சந்தையில் ஒரு கறுப்புச் சட்டை வாங்கினான். மார்பில் ஒரு வட்ட முத்திரை, நடுவே கழுகு, சுற்றிலும் சில பெயர்கள். அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் முத்திரையை மாற்றி வரைந்த அந்தச் சின்னம் இன்று உலகச் சந்தைகளிலெல்லாம் துணியில் விற்கிறது. அது ஓர் இசைக்குழுவின் முத்திரை என்பதை வாங்கிய பிறகே அவன் அறிந்தான். அறிந்தவன் அப்பாடல்களைத் தேடியெடுத்து, மேற்கு விரிவாக்கப் பகுதியில் மூன்றாம் மாடியிலுள்ள அவர்கள் வீட்டுக் கூடத்தில், நாங்கள் நான்கைந்து முதியோர் அமர்ந்திருக்கையில், தன் கைப்பேசியிலிருந்து ஒலிக்கவிட்டான்.

கேட்டதைக் கேட்டபடி சொல்ல வேண்டுமானால், முதலில் அது ஒரே பாட்டாகத்தான் கேட்டது. மூன்று நான்கு சுரக்கூட்டுகள், ஓயாமல் கீழ்நோக்கி அடிக்கும் கிடார், மூச்சு வாங்காத தாளம், மூக்கால் பாடுவதுபோல் ஒரு குரல். ஆலாபனை இல்லை, ஒருவர் திறமையைக் காட்ட மற்றவர் ஒதுங்கி நிற்கும் இடம் இல்லை. ஒரு பாட்டு பிடிபடத் தொடங்குமுன் முடிந்துவிடுகிறது. பொருளோ, சலிப்பு, பேய்ப்படம், பசையை முகர்ந்து மயங்குதல், தொல்லை தரும் சிறுவன் ஒருவனை மட்டையால் அடித்தல் என்று செல்கிறது. இவற்றை உயர்ந்த பொருள் என்று சாதிக்க நான் முன்வரவில்லை. சிலவிடங்களில் அது வெறும் விடலைக் குறும்பு; சிலவிடங்களில் அருவருப்பு. எனினும் நான்காவது, ஐந்தாவது பாடலுக்குள் ஒன்று புலப்பட்டது. அவர்கள் இயலாமல் விட்டதாகத் தோன்றியவற்றுள் பல, வேண்டாம் என்று விட்டவை. அந்நாளைய மேலைப் பாட்டிசை நீண்டு கொண்டே போய், ஒரு பாடல் இருபது நிமிடம் நீள்வதும், மேடையில் ஒருவரே பத்து நிமிடம் கிடாரை உருட்டுவதும் பெருமையாகிவிட்டிருந்தது. கேட்பவன் வாய்பிளந்து பார்க்கலாமேயன்றித் தானும் பாடலாம் என்று எண்ண இயலாது. அதை எதிர்த்தே இந்த இளைஞர்கள் குறுக்கினார்கள். அவர்களைக் கேட்டவர்களோ, இதை நாமும் செய்யலாமே என்று எழுந்தார்கள். 1976 ஜூலையில் அக்குழு லண்டனில் பாடியது. அடுத்த ஆண்டு ‘கிளாஷ்’, ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ ஆகிய ஆங்கிலக் குழுக்களின் முதல் தொகுப்புகள் வெளிவந்தன. 1978-இல் ‘எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ்’ குழுவின் முதல் தொகுப்பு. அதைப் பாடிய பெண் ஒரு சோமாலியத் தந்தைக்கும் பிரித்தானியத் தாய்க்கும் பிறந்தவர். மேடை ஏற அழகோ பயிற்சியோ குலமோ முன்தகுதி அன்று என்று அவர்கள் காட்டினார்கள்.

சாதகம் இல்லாத பாட்டு எப்படிக் கலையாகும் என்று கூடத்தில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். விடியற்காலையில் எழுந்து அகாரசாதகம் செய்து வளர்ந்தவருக்கு அக்கேள்வி எழாமல் இராது. ஆனால் நம் வாழ்விலேயே சாதகத்தை வாயிற்காவலாக நிறுத்தாத இசை உண்டு. மார்கழிப் பனியில், தில்லிக் குளிரில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு பஜனை பாடுகிறோம். சுருதி சேராதவரை எவரும் வெளியே அனுப்புவதில்லை. இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் கிழவியிடம் தாளம் தப்பிற்று என்று சொல்லும் துணிவு எவருக்கும் இல்லை. அங்கெல்லாம் திறமை கடந்த வேறொன்று கேட்கப்படுகிறது. ஆகவே அமெரிக்கப் பிள்ளைகளை ஏற்றுக்கொள்ளக் கூடத்திலிருந்த எங்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. ‘ஏதோ கோபக்காரப் பிள்ளைகள், பாவம்’ என்று சொல்லிக் காப்பியைக் கையில் எடுத்தோம்.

என் கருத்தை நிறுத்தியது இசையன்று, அவர்கள் பெயர். ஜோயி ரமோன், ஜானி ரமோன், டீ டீ ரமோன், டாமி ரமோன். நால்வரும் உடன்பிறந்தார் அல்லர், உறவினரும் அல்லர். ஒருவர் பிறந்தது ஹைமன் என்ற குடும்பப்பெயரில். மற்றொருவர் ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டில் 1949-இல் பிறந்து, நாஜிகளின் யூதப் படுகொலைக்குத் தப்பிய பெற்றோருடன் சிறுவயதிலேயே அமெரிக்கா வந்து சேர்ந்தவர். பிறப்பு தந்த பெயர்களை அவிழ்த்துவிட்டு, இல்லாத ஒரு குடும்பத்தின் பெயரை நால்வரும் பூண்டார்கள். விளையாட்டாகத்தான் செய்தார்கள், ஆனால் பெயர் என்பது விளையாட்டாகக் கழற்றத்தக்கது என்று எண்ணியதே பெரிது.

தில்லித் தமிழருக்கு இது நன்கு விளங்க வேண்டும். நம் ஊரில் ஒருவனுக்குத் தந்தையின் தலைப்பெழுத்தும் தன் பெயரும் போதும். இங்கே வந்தவுடன் ஒவ்வொரு படிவமும் ‘குடும்பப்பெயர்’ என்று ஒரு கட்டத்தை நீட்டுகிறது. பள்ளியில் சேர்க்க, கடவுச்சீட்டு எடுக்க, வங்கியில் கணக்குத் தொடங்க, எங்கும் அந்தக் கட்டம். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இடுவதை விடவேண்டும் என்று தீர்மானித்தது. அக்கருத்தை ஏற்றவர்களும் ஏற்காதவர்களுமாக, அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் தமிழ்நாட்டுப் பொதுவாழ்வில் பட்டங்கள் பெரும்பாலும் உதிர்ந்தன. இந்தியாவில் வேறு எந்த மாநிலமும் இந்த அளவுக்குச் செய்யாத காரியம் அது. ஆனால் விந்திய மலையைக் கடந்தவுடன் உதிர்ந்த பட்டம் ஒட்டிக்கொள்வதைக் காண்கிறோம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பாட்டனார் திருச்சியில் இருந்தபோது துறந்த பட்டத்தை, பேரன் தில்லியில் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் மீண்டும் எழுதினார். அவருக்குச் சாதிப் பற்று ஏதுமில்லை. கட்டம் காலியாக இருந்தது, எழுத்தர் காத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். பட்டம் உடையவர்க்குக் கட்டத்தை நிரப்புவது எளிது. அதைச் சொன்னால் வாடகைக்கு வீடு கிடைக்காது என்று அஞ்சுகின்றவர், தந்தை பெயரையோ ஊர்ப் பெயரையோ இட்டு நிரப்புகிறார். ஒரே கட்டம், ஒருவருக்கு அடையாளம், மற்றவருக்கு விசாரணை.

பிள்ளையிடம் இதைச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே, ‘அப்படியானால் தாத்தா, நம் ஊரிலேயே ஒரு குழு இருக்கிறது, பெயரிலேயே சாதியைக் கழற்றியவர்கள்’ என்றான். அடுத்ததாக அவன் ஒலிக்கவிட்டது ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் பாடல்கள்.

அக்குழுவை அறியாதவர்க்காகச் சில விவரங்கள். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 2017-இல் இதனை உருவாக்கினார்கள். 2018 ஜனவரி 6-ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடந்தது. 19 பேர் கொண்ட குழு. வடசென்னைக் கானாப் பாடகர்களும் சொல்லிசைக் கலைஞர்களும் கிடார் வாசிப்போரும் ஒரே மேடையில் நின்றார்கள். பறை, சட்டி, கட்ட மோளம் ஆகியவை மேலைக் கருவிகளுடன் சமமாக ஒலித்தன. ஆண்களே கோலோச்சிய கானாவில் இசைவாணி என்னும் பெண் பாடினார், 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. குழுவின் பெயர் அயோத்திதாச பண்டிதரின் சிந்தனையிலிருந்து எடுக்கப்பட்டது. 1845-இல் பிறந்து 1914-இல் மறைந்த அவர், 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் இதழைத் தொடங்கியவர். தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டோரே சாதியற்ற பழந்தமிழர் என்று வாதிட்டவர். இக்குழுவின் பாடல்கள் ‘மகிழ்ச்சி’ என்ற பெயரில் தொகுப்பாக வந்தன. அம்பேத்கரையும் வடசென்னையையும் இட ஒதுக்கீட்டையும் பாடும் சினமிக்க பாடல்களுக்கு அப்படி ஒரு பெயர்!

இசைவகை நோக்கில் இது ‘பங்க்’ அன்று என்பார் உளர். உண்மைதான், வேறுபாடு அதைவிடவும் ஆழமானது. ரமோன் சகோதரர்கள் திறமையைக் காட்ட மறுத்தார்கள். கானாப் பாடகர்களோ திறமை மிக்கவர்கள். இறந்தவர் வீட்டில் இரவு முழுதும் நின்று, இறந்தவரின் வாழ்க்கையை அங்கேயே பாட்டாகக் கட்டிப் பாடுவது எளிய காரியமா? கச்சேரி மேடையில் நிரவல் பாடும் வித்துவானுக்கு அது விளங்கும். அமெரிக்கர் சபையை மறுத்தவர்கள். இவர்கள் சபையால் மறுக்கப்பட்டவர்கள். ஆயினும் கேட்பவனிடம் இருவரும் வைக்கும் கோரிக்கை ஒன்றே: உன் அனுமதிக்காக நான் பாடவில்லை, நீ கேள்.

கூடத்தில் என்ன நிகழ்ந்தது என்பதே என் கட்டுரையின் நடுப்பகுதி. முதல் தொகுப்பின்போது காப்பி அருந்திப் புன்னகைத்தவர்கள் இப்போது நாற்காலியில் அசைந்தார்கள். ஒருவர் சாளரத்தைச் சாத்தினார். ‘ஒலியைக் குறை, கீழ்வீட்டார் என்ன நினைப்பார்கள்’ என்றார் மற்றவர். கீழ்வீட்டார் பஞ்சாபியர், அவர்களுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. சற்றுமுன் அதைவிட உரத்து ஒலித்த ஆங்கிலப் பாட்டு அவர்களுக்கு விளங்கியிருக்கும்; அதற்குச் சாளரம் சாத்தப்படவில்லை.

அயலாரின் சினம் நமக்கு இசையாகக் கேட்கிறது. நம்மவர் சினமோ வசையாகக் கேட்கிறது. காரணம் வெளிப்படை. குவீன்ஸ் இளைஞனின் கோபத்தில் நமக்குப் பங்கில்லை. அதைப் பொறுத்துக்கொள்வதால் நமக்குக் குறைவது ஒன்றுமில்லை. வடசென்னை இளைஞன் ‘நீங்கள்’ என்று பாடுகையில், அச்சொல் எவரைச் சுட்டுகிறது என்பது தமிழ் தெரிந்தவனுக்கு உடனே தைக்கிறது. செலவில்லாத பெருந்தன்மையைப் பெருந்தன்மை என்று கணக்கில் எழுதலாமா என்பதுதான் என் ஐயம்.

இது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமும் அன்று. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் பிடில் கற்று, அதை நம் இசைக்கு ஏற்ப அமைத்தவர் என்று இசை வரலாறு கூறுகிறது. முத்துசாமி தீட்சிதரே வெள்ளையர் பாண்டு வாத்திய மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் செய்தார். நோட்டுச் சுரங்கள் என்று இன்றும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். எவ்வளவு அகன்ற செவி! கடல் கடந்து வந்த கருவி இரண்டு தலைமுறைக்குள் கச்சேரி மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் அமர்ந்துவிட்டது. பக்கத்துத் தெருவின் பறை அமரவில்லை. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லுமிடத்தில் தெய்வத்தோடும் உணவோடும் பறையையும் வைத்து எண்ணிய தொல்காப்பியத்தின் வழிவந்தவர்கள் நாம். அங்கே பறை என்பது தோற்கருவிகளின் பொதுப்பெயர் என்பர், ஆகுக. அப்பொதுப்பெயர் எப்போது ஒரு தெருவின் பெயராகவும் ஒரு வசையாகவும் சுருங்கிற்று என்று கேட்கத்தானே வேண்டும். மிருதங்கத்தின் இரு முகங்களிலும் பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல் இருக்கிறது. அத்தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, வார் இழுத்து, நாதம் பிறக்கச் செய்தவர்களில் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட குடியினர். அவர்கள் கைவேலை மேடை நடுவே இருக்கிறது. அவர்கள் இருந்த இடம் அரங்கின் பின்வாசல்.

இதைத் தமிழ்ச் சங்கத்து மலரில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழிசை இயக்கத்தின் வரலாறு நமக்குத் தெரியும். தெலுங்கும் வடமொழியும் கச்சேரியை நிறைக்க, தமிழ்ப் பாட்டு இறுதியில் துக்கடாவாக வந்த காலம் இருந்தது. தமிழில் கனம் இல்லை, அதில் பாடினால் ராகபாவம் வராது என்று பெரிய வித்துவான்களும் சொன்னார்கள். அதை எதிர்த்து ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முதலியோர் முன்னின்று 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தை நிறுவினர். மூன்றாண்டு கழித்து, 1946-இல் தில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றியது. தாய்மொழிக்கு மேடையில் இடமில்லையே என்று நாம் கொண்ட சினம் நியாயமானது என்று இன்று எவரும் மறுப்பதில்லை. அன்று நம்மிடம் சொல்லப்பட்ட அதே சொற்களை, கனம் இல்லை, நயம் இல்லை, சபைக்குப் பொருந்தாது என்ற அவற்றையே, கானாவையும் பறையையும் நோக்கி நாம் சொல்லும்போது, சொல்வது யார் குரலில் என்று ஒருகணம் நின்று பார்க்க வேண்டாமா?

எதிர்வாதத்தையும் அதன் முழு வலிமையோடு சொல்வதே முறை. கூடத்திலிருந்த மூத்தவர் ஒருவர் இட ஒதுக்கீட்டைப் பற்றிய பாட்டு முடிந்ததும் மெல்லிய குரலில் பேசினார். அவர் தந்தை சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு வடக்கே வந்தவர். சென்னையில் வகுப்புவாரி ஆணை தம் போன்றோர்க்கு வாயிலை அடைத்தது என்ற எண்ணத்தோடு இரயில் ஏறியவர். கரோல் பாக்கில் ஒரு பர்சாத்தியில், கோடையில் தகரமும் குளிர்காலத்தில் கரியடுப்புமாக ஆறு பேர் வாழ்ந்தார்கள். தெருவில் ‘மதராசி’ என்று ஏளனம். ‘நாங்கள் யாரை மிதித்தோம்? எங்களை ஏன் இந்தப் பாட்டு குற்றவாளியாக்குகிறது?’ என்றார். அக்குரலில் வன்மம் இல்லை, வலி இருந்தது. இந்த வீதிகளில் குடியேறிய முதல் தலைமுறையில் மிகப் பலரின் கதை அது. அதைப் பொய்யென்று தள்ளுவது இன்னொரு செவிட்டுத்தனமாகும்.

எனினும் இரண்டு வலிகளும் ஒரே அளவின அல்ல. 1920-களில் அடைபட்டதாகச் சொல்லப்படும் வாயில் அதற்குமுன் திறந்திருந்தது. சுருக்கெழுத்தும் ஆங்கிலமும் கற்க ஒரு வீடு, ஒரு திண்ணை, ஒரு பள்ளி இருந்தன. ஒரு வாயில் மூடினால் தில்லியில் இன்னொன்று திறந்தது. பாடுகின்றவனின் பாட்டனுக்கு அந்த வாயிலே இல்லை. ஏறுவதற்கு ஒரு வண்டி இருந்தபோதும், அது அவர்களை எங்கே கொண்டு சென்றது? இக்குழுவில் பாடிய அறிவு, 2021-இல் வெளிவந்து தில்லித் திருமண விருந்துகளிலும் ஆடப்பட்ட ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டைத் தம் பாட்டியின் வாழ்வைக் கொண்டு எழுதினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர் அந்த மூதாட்டி. அவரைப் போன்ற இலட்சக்கணக்கானோரை எந்த நாடு எவ்வளவு ஏற்பது என்று எண்ணிக்கை போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபரில் கையெழுத்தானது இந்தத் தில்லியில்தான். இடம்பெயர்ந்த தமிழர் என்று நம்மை நாமே குறித்துக்கொள்ளும்போது, மாற்றல் உத்தரவோடு வந்தவர் மட்டும் நினைவுக்கு வருகிறார்; எண்ணிக்கையாக மாற்றப்பட்டவர் வருவதில்லை.

கேட்பது உடன்படுவது அன்று. இப்பாடல்களில் எனக்கு ஒவ்வாதவை உண்டு. எதிரியைக் கூட்டமாகவே காணும் பழக்கம் சில அடிகளில் இருக்கிறது. தனி மனிதர் அக்கூட்டத்தில் கரைந்துபோகிறார். கோபம் சிலவிடங்களில் தாளத்தை முந்துகிறது. இவற்றைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. முழுதும் கேட்ட பின்னரே உண்டு. பாதியில் சாளரத்தைச் சாத்தியவர் விமரிசகர் ஆகார். மூத்தவர் தம் கேள்வியைக் கேட்ட பிறகும் எழுந்து போகவில்லை. அடுத்த பாட்டையும், அதற்கடுத்ததையும் கேட்டார். தம்மைக் குற்றஞ்சாட்டும் பாட்டின் எதிரே அமர்ந்திருந்தாரே, அதைத்தான் நான் கேள்வி என்கிறேன். வள்ளுவர் அதிகாரம் இங்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

நாம் நம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பண்பாடு என்று எதைக் கட்டிக் கொண்டுவந்தோம்? வண்டி ஏறும்போது பெட்டியில் இடம் குறைவு. குத்துவிளக்கு, திருக்குறள், கீர்த்தனைப் புத்தகம், பின்னாளில் சீர்காழியார் ஒலிநாடாக்கள். இவை யாவும் நல்லவை. இவற்றால்தான் பஞ்சாபிச் சூழலில் ஒரு தமிழ்த் தலைமுறை தமிழாக நின்றது. விட்டுவந்தவற்றுள் மிகப் பல, நமக்கு வேண்டாதவை என்பதாலன்று, நம் தெருவில் ஒலிக்காதவை என்பதாலேயே விடுபட்டன. இங்கே பிறந்த பிள்ளைக்கு அந்த வேறுபாடு தெரியாது. பெட்டியில் இருந்ததே தமிழ் என்று அவன் எண்ணுகிறான். பிறகு ஒருநாள், அமெரிக்கச் சட்டை ஒன்றைத் துரத்திக்கொண்டு போய், சென்னையின் பறையை அடைகிறான். ஊரிலிருந்து ஊருக்குப் போக நியூயார்க் வழி சுற்ற வேண்டியிருக்கிறது.

அலங்காநல்லூர் வேலு ஆசான் பறையிசைக்காக 2025-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவ்விருதை வழங்கும் குடியரசுத் தலைவர் மாளிகை கரோல் பாக்கிலிருந்து சில கிலோமீட்டர்தான். அரசின் மாளிகைக்குள் பறை போய்விட்டது. நம் வட்டாரத்துத் தமிழ் அமைப்பின் பொங்கல் மேடைக்கு அது வர வேண்டும் என்று அந்தப் பிள்ளையும் அவன் தோழர்களும் செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பறையாட்டம் ஒன்றும், இக்குழுவின் பாடல் ஒன்றைத் தாங்களே பாடுவதும் அவர்கள் கேட்பவை. பறைக்குக் குழுவில் எதிர்ப்பில்லை. பாட்டைப் பற்றித்தான் பேச்சு நீள்கிறது. குடும்பங்கள் வரும் இடம், பண்டிகை நாள், ஏன் பழையதைக் கிளற வேண்டும் என்று ஒரு சாரார். கிளறாவிட்டால் பொங்கல் அடிபிடிக்கும் என்று ஒரு பெண் உறுப்பினர் சொன்னாராம். கூடத்தில் சாளரத்தைச் சாத்தியவரும் அச்செயற்குழுவில் இருக்கிறார். பாட்டின் முழு வரிகளையும் எழுத்தில் தரும்படி கேட்டு வாங்கிச் சென்றிருக்கிறார். இக்கட்டுரை அச்சுக்குப் போகும் இந்நாளில் நிகழ்ச்சி நிரல் இன்னும் முடிவாகவில்லை.